கேட்கத் தகுந்தது

சமீபத்தில் வந்த ப்ராக்ரஸிவ் ராக், மெட்டல் ஆல்பங்களில் கேட்கத் தகுந்தவை எவை என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி நண்பர் கேட்டு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பட்டியல் போடுவது சுலபம். ஒரு ராத்திரியில் போட்டும்விட்டேன். அனுப்பவில்லை. காரணம், அந்தத் ‘தகுந்த’ என்ற வார்த்தை. கேட்கத் தகுந்தது என்றால் தகுதி ஆல்பத்துக்கா, கேட்கிறவனுக்கா? இது வெறும் சொல் விளையாட்டு என்று நானும் முதலில் ஒதுக்கிவைத்தேன். போன தை மாதம் எங்கள் ஊரில் ஒரு சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அது விளையாட்டாக இருக்கவில்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ப்ராக்ரஸிவ் என்பதை ‘முற்போக்கு’ என்று மொழிபெயர்த்தால் நம் வட்டத்தில் அர்த்தமே வேறாகிவிடும். முற்போக்கு எழுத்தாளர் என்றவுடன் நம் மனசில் ஒரு சித்திரம் எழும். அவர்களோடு நாம் போட்ட சண்டைகளும் எழும். உருவம், சோதனை, கஷ்டமான வாசிப்பு எல்லாம் ஒரு பக்கம். ஜனங்கள், நியாயம், உள்ளடக்கம் எல்லாம் இன்னொரு பக்கம் என்று அந்தச் சண்டையில் கோடு கிழித்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், ராக் இசையில் ‘ப்ராக்ரஸிவ்’ என்ற அடைமொழி போய் ஒட்டிக்கொண்டது கோட்டுக்கு நம் பக்கத்தில். 1969-இல் வந்த கிங் க்ரிம்ஸனின் முதல் ஆல்பத்திலிருந்து பார்த்தால், பாட்டு மூன்று நிமிஷத்தில் முடிந்தாக வேண்டும் என்ற வியாபார நியதியை மீறுவது, தாளத்தை ஐந்திலும் ஏழிலும் வைப்பது, ஒரு ஆல்பம் முழுவதையும் ஒரே படைப்பாகக் கட்டுவது, இவைதாம் அங்கே முன்னேற்றம் எனப்பட்டன. ஏழு எண்ணுவது முன்னேற்றம் என்பது நமக்குச் சிரிப்பாக இருக்கும். மிஸ்ர சாபுவில் பதம் பாடிய பாட்டிகள் தம்மை முன்னேறியவர்களாக நினைத்ததில்லை.

மெட்டலின் பிறப்பு வேறு விதமானது. பர்மிங்ஹாமில் ஒரு தகடு ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற பையன், 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தான். இடதுகைப் பழக்கக்காரன், ஆகவே கிதார்த் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குல்லாய் செய்து மாட்டிக்கொண்டான். பிறகு வலி தாங்கத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினான். 1970 பிப்ரவரியில் வந்த ப்ளாக் ஸாபத்தின் முதல் ஆல்பத்தில் அந்தக் கையைக் கேட்கிறோம். அவர்களுடைய பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலையில் சொந்த ஊரில் கடைசிக் கச்சேரி செய்து மூன்றாவது வாரத்தில் செத்துப்போனபோது, பர்மிங்ஹாம் தெருக்களில் ஜனங்கள் கூடியதற்குக் காரணம் ரசனை மட்டுமில்லை என்று எனக்குப் படுகிறது.

ஆக, ஒன்று தானாக விரும்பி எடுத்துக்கொண்ட கஷ்டம். மற்றது மேலே வந்து விழுந்த கஷ்டம். பின்னால் இரண்டும் கலந்து ப்ராக்ரஸிவ் மெட்டல் என்று ஒன்று உருவாயிற்று. கலந்த பிறகு எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பார்கள். பல ஆல்பங்களில் பிரித்துப் பார்க்க முடிகிறது. விரலுக்குச் சேதமில்லாமல் வாசிக்கப்பட்ட கஷ்டம் காதில் ஒரு மாதிரி வழவழப்பாக விழும்.

ஸ்வீடனின் ஓபெத் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என் பட்டியலில் முதலில் இருந்தது, இன்னும் இருக்கிறது. பெயரே உயில். முதல் உலக யுத்தத்துக்குப் பிந்திய காலத்துப் பணக்கார வீடு ஒன்று. குடும்பத் தலைவர் செத்துப்போயிருக்கிறார். பிள்ளைகள் கூடியிருக்க உயில் வாசிக்கப்படுகிறது. பாடல்களுக்குத் தலைப்பு கிடையாது. பத்திரத்தில் போடுகிற பத்திக்குறியும் 1 முதல் 7 வரை எண்ணும் மட்டுமே. எட்டாவதற்கு மட்டும் பெயர் உண்டு. இரட்டையராகப் பிறந்தவர்கள் தன் ரத்தமில்லை என்பதைச் செத்தவர் பத்தி பத்தியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அந்த வீட்டில் ஒண்டி வளர்ந்த, இளம்பிள்ளை வாதம் கண்ட ஒரு பெண்ணுக்குச் சொத்து போகிறது. எட்டாவது பாட்டில் ஒரு கடிதம் வந்து அதையும் கலைத்துவிடுகிறது.

கதை என்று பார்த்தால் பழைய நாவல்தான். ஆனால் 2008-க்குப் பிறகு ஆல்பங்களில் விட்டுவிட்டிருந்த உறுமல் குரலை மிகேல் ஓகர்ஃபெல்ட் இதில் திரும்ப எடுத்திருக்கிறார். அந்தக் குரல் எங்கே வருகிறது, எங்கே விலகுகிறது என்பதில்தான் விஷயம். செத்த மனிதனின் அதிகாரம் பேசும்போது உறுமல். அந்த அதிகாரம் தனக்குள்ளேயே உளுத்துப்போனதைச் சொல்லும்போது மெல்லிய, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரல். நடுவில் ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்ஸன் வக்கீல் குமாஸ்தா மாதிரி நிதானமாகப் பேசுகிறார், புல்லாங்குழல் வாசிக்கிறார். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் புளிய மரத்தடியில் அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஆல்பத்தின் உணர்ச்சி அந்நியமாக இருக்காது. ஒரு பரம்பரையிலிருந்து நமக்கு வருவது எது, நாம் கேட்காமலே நம் தலையில் கட்டப்படுவது எது என்பது அதன் கேள்வி. இந்தக் கேள்வியை என் காதில் போட்டதற்காகவே அதற்கு முதலிடம் கொடுத்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

ஸ்டீவன் வில்ஸனின் ‘தி ஓவர்வ்யூ’ 2025 மார்ச்சில் வந்தது. இரண்டே பாடல்கள், ஒன்று 23 நிமிஷம், மற்றது 18. விண்வெளியிலிருந்து பூமியைப் பார்த்தவர்களுக்கு உண்டாகும் மன மாற்றம் அதன் கரு. எவ்வளவு அழகான ஒலிப்பதிவு! ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். 2024 ஜூனில் இங்கிருந்து அதிக தூரமில்லாத கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். ஆம்புலன்ஸ் சத்தம் அடங்காத அந்த வாரத்தில் நான் எந்த ஆல்பத்தையும் போடவில்லை. துக்கத்தைப் பற்றி, மரணத்தைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டுப் பழகிய காது, நிஜமாக அது வந்தபோது ஒன்றுக்கும் உதவவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன். பூமியை அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் கருணாபுரம் தெரியாது. வில்ஸனுக்கும் இது தெரிந்திருக்கிறது. முதல் பாட்டில் ஒரு பகுதிக்கு ஆண்டி பார்ட்ரிட்ஜ் எழுதிய வரிகள் அன்றாட வீட்டுச் சங்கடங்களையும் நட்சத்திரங்கள் அழிவதையும் அடுத்தடுத்து வைக்கின்றன. அந்தப் பகுதிக்காக ஆல்பத்தை வைத்துக்கொண்டேன். மற்றபடி, தூரத்தை ஞானம் என்று எடுத்துக்கொள்வது சௌகரியம் உள்ளவர்களின் பழக்கம்.

அமெரிக்காவின் ப்ளட் இன்கான்டேஷன் 2024 அக்டோபரில் தந்த ‘அப்ஸொலூட் எல்ஸ்வேர்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் இரண்டே பாடல்கள், ஒவ்வொன்றும் மூன்று பகுதி. டெத் மெட்டலின் அடிதடிக்கு நடுவில் கதவு திறந்து பழைய பிங்க் ஃப்ளாய்டின் நிலா வெளிச்சம் வருகிறது. கேட்டு சந்தோஷப்படலாம். எனக்கு அதனோடு பிரச்னை ஒன்றுமில்லை. பிரச்னை இல்லாததுதான் பிரச்னையோ என்னவோ.

நம்மவர்களிடம் வருகிறேன். பெங்களூரின் ‘அகம்’ 2012-இலும் 2017-இலும் தந்த ஆல்பங்களில் கிருதிகளையும் ராக ஆலாபனைகளையும் மின் கிதார் மீது ஏற்றிக் காட்டினார்கள். அதே ஊரின் ‘ப்ராஜெக்ட் மிஸ்ரம்’ பெயரிலேயே ஏழை வைத்துக்கொண்டு 2021-இல் ‘மெஸோ’ வெளியிட்டது. ஸ்வரங்களும் கொன்னக்கோலும் மெட்டலும் ஒன்றுக்குள் ஒன்று போய் வருவதில் அசாத்திய சாமர்த்தியம். கொச்சியின் ‘மதர்ஜேன்’ 2008-இல் தந்த ‘மக்தூப்’ எனக்கு இன்னமும் இவை எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். பைஜு தர்மஜன் கிதாரில் கமகத்தைக் கொண்டுவந்தது அலங்காரத்துக்காக இல்லை. மக்தூப் என்றால் அரபியில் ‘எழுதப்பட்டது’. நம் பாஷையில் தலையெழுத்து.

சிங்கப்பூர்த் தமிழர்களின் ‘ருத்ரா’ தனி ரகம். 1992-இல் தொடங்கிய குழு. அத்வைதத்தை டெத் மெட்டலாகப் பாடுகிறார்கள். 2005, 2009, 2011 ஆகிய வருஷங்களில் வந்த அவர்களுடைய மூன்று ‘ப்ரஹ்மவித்யா’ ஆல்பங்களையும் தொடர்ந்து கேட்டால் ஒரு விசித்திரம் பிடிபடும். இரண்டாவது என்று ஒன்று இல்லாவிட்டால் பயமும் இல்லை என்பது வேதாந்தம். பயமுறுத்துவதற்கென்றே ஏற்பட்ட குரலில் அது சொல்லப்படுகிறது. இது முரணா, ஆழமா என்று வெகுநாள் யோசித்தேன். கூலிகளாகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் தமிழர்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த ஒரு ஊரில், சிலர் தங்களுக்கு வேண்டிய பரம்பரையைத் தாங்களே தேர்ந்து எடுத்துக்கொண்டார்கள் என்ற அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: அகம் ஆகட்டும், மிஸ்ரம் ஆகட்டும், ருத்ரா ஆகட்டும், எடுத்துக்கொண்ட பரம்பரை சபாவிலிருந்து, சாஸ்திரத்திலிருந்து, சுலோகத்திலிருந்து. அது ஏற்கனவே சொத்து என்று பதிவாகியிருப்பது. சொத்து உள்ளவன் அதை வைத்துச் சோதனை செய்யலாம். நஷ்டம் வந்தாலும் கௌரவம் போகாது.

உறுமல் குரல் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களை அதிரவைத்து எழுப்புகிற சத்தம் அது. வெகுநாள் நான் அதை அருவருப்போடுதான் கேட்டேன். சிறுவயதில் எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் நடக்கும் கூத்தையும் அப்படித்தான் இரைச்சல் என்று ஒதுக்கினேன். வானொலியில் வந்த அரங்கிசைதான் சங்கீதம் என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். முகவீணையும் ஹார்மோனியமும் ராத்திரி முழுக்க அலற, விடியற்காலை நாலு மணிக்குத் துச்சாதன வேஷக்காரர் கட்டிப்போன தொண்டையிலிருந்து பிய்த்து எடுக்கும் அந்தக் குரலை, ஓபெத்தைக் கேட்டுப் பழகிய பிறகுதான், நாற்பது வயதுக்கு மேல், குரலாகக் கேட்டேன். நைனார்பாளையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கூத்துக் களத்துக்கு ஸ்டாக்ஹோம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறேன். நான் மட்டுமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நவீன நாடகம் எழுதிக்கொண்டிருந்த ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பற்றி எழுதியதும் 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும் நம் வட்டத்துக்குத் தெரிந்த கதை. நமக்கு நம்முடையது பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

இனி அந்தத் தை மாதச் சாவு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, வயதாகி, படுக்கையில் கிடந்து போனவர். காலனியிலிருந்து நாலு பேர் மோளத்தோடு வந்திருந்தார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். பந்தலுக்குள் வராமல் தெரு ஓரத்தில் நின்று அடித்தார்கள். டீ எல்லோருக்கும் பேப்பர் கப்பில்தான். இப்போது எல்லோருக்குமே பேப்பர் கப் என்பதால் பழைய வித்தியாசம் கண்ணில் படாமல் போய்விட்டது. அவர்கள் அடிக்க ஆரம்பித்த சற்று நேரத்தில் என் விரல் தொடையில் எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஏழு மாதிரி இருந்தது. பிறகு ஏழு இல்லை; ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கேயோ, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்து விழுந்தது. சிம்புக்குச்சி ஒரு கணக்கில் போக, அடிகுச்சி வேறு கணக்கில் குறுக்கே வந்தது. அந்தப் பெரியவர் கை அவ்வளவு அநாயாசமாகச் செய்துகொண்டிருந்ததை நான் ஆல்பம் ஆல்பமாகத் தேடியிருக்கிறேன். சட்டைப் பையிலிருந்த போனை வெளியே எடுக்காமலே ஒலிப்பதிவை முடுக்கினேன்.

பெரியவர் என்னைப் பார்த்துவிட்டார். அடி நின்ற இடைவெளியில் பக்கத்தில் வந்து, “இன்னா சார், கணக்கு போட்றீங்களா?” என்றார். சிரித்து மழுப்பினேன். “எண்ணாதீங்க சார். நீங்க எண்றத பாத்தா எனக்கு உட்டுப்போவுது” என்றார். நிஜமாகவே அடுத்த சுற்றில் ஒரு அடி தவறியது. யாரும் கவனிக்கவில்லை. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாடை கிளம்பிப் போன பிறகு அவரை அழைத்துப் போக மகன் பைக்கில் வந்து தெரு முனையில் நின்றான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பொங்கல் லீவுக்கு வந்திருந்தான். பேசிக்கொண்டிருந்துவிட்டு, நாக்கு சும்மா இராமல், “அப்பா அடிக்கிற அந்த அடி உனக்கும் வருமாப்பா?” என்று கேட்டேன்.

“தெரியும் சார். அடிக்கமாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வது மாதிரி சொன்னான்.

என் மனசில் முதலில் எழுந்தது, ஐயோ, இந்த அடி இந்தக் கிழவரோடு போய்விடுமே என்பதுதான். இதை மறைக்க விரும்பவில்லை. கலை அழிகிறதே என்ற அந்தத் தவிப்பு நம் பத்திரிகைகளில் எப்போதும் உயர்ந்த உணர்ச்சியாகவே மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அன்று ராத்திரி அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது வேறு. என் காதுக்கு வேண்டும் என்பதற்காக ஒரு பையன் இன்னொருவன் வீட்டுச் சாவுக்குத் தெரு ஓரத்தில் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். இது ரசனையா, பண்ணையாள் வேண்டும் என்ற பழைய ஆசைக்கு ரசனை வேஷமா? பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. மறுத்தவர்கள் அதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள். ஓபெத்தின் உயிலில் வாரிசுகள் சொத்து கிடைக்காமல் தவிக்கிறார்கள். இங்கே, சொத்தாக வராமல் கடனாக வந்த ஒன்றை வாரிசு வாங்க மறுக்கிறான். கடனாக வந்ததை வைத்து ஒருவன் செய்யக்கூடிய முதல் சோதனை அதைக் கீழே போடுவதுதான். ஏழில் அடிப்பதா முற்போக்கு, அடிக்க மறுப்பதா என்று கேட்டால், ஆல்பங்களின் மீது இத்தனை வருஷம் செலவழித்த எனக்கே பதில் சொல்லச் சிரமம் இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். கீழே போட்டதைத் திரும்பவும் தலை நிமிர்ந்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பறையிசைக்காக வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கிதாருக்குப் பக்கத்தில் பறை சம ஸ்தானத்தில் நின்றது. ப்ராக்ரஸிவ் என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களும் அங்கே ஒரு மேடையில் சந்தித்தன என்று சொல்லலாம். நியாயம். ஆனால் அவர்கள் எடுத்தது அவர்களுடைய தீர்மானம். அதைக் காட்டி, “பார், அவர் எடுக்கவில்லையா, நீயும் எடு” என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பையனிடம் சொல்லும் யோக்யதை எனக்கு எங்கிருந்து வரும்? அவனுக்கு அந்த அடி தெரியும். அது அவனிடம் இருக்கிறது. எனக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

எண்ணியது தப்பா என்பது மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தெரு ஓரத்தில் அடித்தவரை வேலைக்காரராகப் பார்த்தவன், அன்று முதல் தடவையாக வாத்தியக்காரராகப் பார்த்தேன். இது சின்ன விஷயம் இல்லை என்று ஒரு மனசு சொல்கிறது. அந்தப் பார்வைக்கு நான் கொடுத்த விலை ஒன்றுமில்லை, அவர் கொடுத்தது ஒரு அடி என்று இன்னொரு மனசு. கூத்து விஷயத்திலும் நாம் எல்லோரும் செய்தது இதுதானோ என்ற சந்தேகம் அதன் பின்னாலேயே வருகிறது. கூத்தாடிகளுக்கு வெளியூர் மேடையும் கொஞ்சம் கௌரவமும் கிடைத்தன என்பது உண்மை. பெரியவர் விஷயத்தில் அதுகூட இல்லை.

நண்பருக்குப் பட்டியலை நேற்று அனுப்பிவிட்டேன். ஓபெத், மதர்ஜேன், ருத்ராவின் மூன்று, மிஸ்ரம், சங்கடத்தோடு வில்ஸன். ப்ளட் இன்கான்டேஷனைக் கடைசியில் சேர்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. மோளத்தை அடித்துக்கொண்டே பாடையோடு அவர்கள் தெருத் திரும்பும் வரைக்கும் நாலு நிமிஷம் பதிவாகியிருக்கிறது. போனில் தேதி வரிசைப்படி அது இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. பெரியவரிடம் சொல்லவில்லை. இன்னும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.